துண்டு நழுவும் இடம்

தீபத் திருவிழாவுக்கு இருபத்தாறு நாள் இருந்தபோது உண்ணாமலை பயில்வான் கூடத்தின் படியேறினாள். மத்தியான வேளை. ஆண்கள் வருவதற்கு இன்னும் நேரம் இருந்தது.

கூடத்துக்கு வாத்தியார் தவமணி. இருபத்தெட்டு வயதுப் பெண். உண்ணாமலைக்கு நாற்பத்தொன்று. பதினெட்டு வருஷம் காத்திருந்து பிறந்த பெண் குழந்தைக்கு இப்போதுதான் ஏழு மாதம். வாத்தியார் அவளை ‘அக்கா’ என்று கூப்பிட்டார். அவள் வாத்தியாரை ‘வாத்தியாரே’ என்று கூப்பிட்டாள். இரண்டு பேருக்கும் அது பொருந்தியிருந்தது.

“படுத்து எழுந்திருக்கிற பயிற்சி செய்யறேன், வாத்தியாரே. வயிறு கெட்டியாகணும்னுதான். ஆனா முதுகு பிடிச்சுக்குது. வலிக்காம செய்ய என்ன வழி?”

“எதுக்கு வயிறு கெட்டியாகணும்?”

அவள் சொன்னாள். வேண்டிப் பெற்ற குழந்தையை அந்த ஊரில் தீபத்தின்போது கரும்புத் தொட்டிலில் சுமந்து மாட வீதி சுற்றுவார்கள். ஒரு கட்டுக் கரும்பு. ஒரு முனை அப்பன் தோளில், மறு முனை தாய் தோளில். நடுவில் மஞ்சள் துணி, துணிக்குள் குழந்தை. நான்கு வீதியும் சுற்றிக் கோபுர வாசலுக்குத் திரும்பும்வரை தொட்டில் தரையில் படக்கூடாது. பதினெட்டு வருஷமும் அவள் வீதி ஓரத்தில் நின்று மற்றவர்களின் தொட்டில்களைப் பார்த்திருக்கிறாள்.

போன மாதம் குளிப்பாட்டிவிட்டுக் குழந்தையைத் தொட்டியிலிருந்து தூக்கும்போது முதுகு சுளுக்கென்று இழுத்தது. கை விட்டுப்போனது. ஈரக் குழந்தை வழுக்கிக்கொண்டு இறங்கியது. முழங்காலால் தடுத்துவிட்டாள். ஒன்றும் ஆகவில்லை. குழந்தை சிரிக்கக்கூடச் செய்தது. ஆனால் அதை நாத்தனார் மரகதம் பார்த்துவிட்டாள். அன்றிலிருந்து குழந்தையைத் தூக்குவது மரகதம்தான். கரும்புத் தொட்டிலுக்கும் தானே ஒரு முனை பிடித்துக்கொள்வதாக அவள் சொல்லியிருந்தாள்.

“கீழ போட்டுடுவேனோன்னு பயமா இருக்கு” என்றாள் உண்ணாமலை. அதை அவள் வேறு யாரிடமும் சொன்னதில்லை.

டாக்டர் பார்த்தாரா என்று வாத்தியார் கேட்டார். பார்த்தாராம். எலும்பில் ஒன்றும் இல்லையாம். பயிற்சி செய்யலாம் என்று சொல்லிவிட்டாராம்.

“செஞ்சு காட்டுங்க.”

உண்ணாமலை பாயில் படுத்தாள். காலை மாட்டிக்கொள்ள இடம் தேடினாள். வீட்டில் பீரோவுக்கு அடியில் மாட்டிக்கொள்வாள். இங்கே இரும்புக் குண்டுகள் வைத்த பலகைக்கு அடியில் பாதத்தை நுழைத்தாள். இரண்டு கையாலும் பிடரியைப் பிடித்தாள். மூச்சை இழுத்து அடக்கினாள். விசுக்கென்று எழுந்து உட்கார்ந்தாள். ‘ஒண்ணு’ என்றாள். தொப்பென்று விழுந்து மறுபடி எழுந்தாள்.

ஒன்பதுவரை வாத்தியார் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒரு நாளைக்கு எத்தனை?”

“நூத்தியெட்டு.”

“அது என்ன கணக்கு?”

“சாமி காரியம் இல்லியா, வாத்தியாரே. குறையக் கூடாது.”

“தேங்காய்னா நூத்தியெட்டு உடைக்கலாம். முதுகை உடைக்க ஒண்ணு போதும்.”

உண்ணாமலைக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தபோதும் முதுகு வலித்தது.

வாத்தியார் பலகையை அவள் காலிலிருந்து தள்ளி வைத்தார். மல்லாக்கப் படுக்கச் சொன்னார். காலை நீட்டிப் படுத்தவளின் இடுப்புக்கும் தரைக்கும் நடுவில் கையை விட்டார். கை தடையில்லாமல் அந்தப் பக்கம் போனது.

“இதுல ஒரு பூனை போய்ட்டு வரலாம், அக்கா.”

பிறகு முழங்காலை மடக்கிப் பாதத்தைத் தரையில் வைக்கச் சொன்னார். தோளில் கிடந்த துண்டை நாலாக மடித்து அந்த இடைவெளியில் செருகினார். ஒரு நுனி வெளியே இருந்தது.

“நான் இழுப்பேன். வரவிடாதீங்க.”

இழுத்தார். துண்டு வந்துவிட்டது. மறுபடி செருகினார். மறுபடி வந்துவிட்டது.

“வீட்ல விறகு அடுப்பு உண்டா?”

“சின்ன வயசுல இருந்தது.”

“ஊதியிருக்கீங்களா?”

“நிறைய.”

“அப்படி ஊதுங்க.”

உண்ணாமலை ஊதினாள். நீளமாக ஊதும்போது வயிறு தானாக உள்ளே போனது. தொப்புள் தரையைத் தேடிப் போவதுபோல இருந்தது. இடுப்பு துண்டின்மேல் இறங்கியது. வாத்தியார் இழுத்தார். துண்டு வரவில்லை.

“இப்ப கையைப் பிடரிக்குக் குடுக்காதீங்க. நெஞ்சுமேல வைங்க. ஊதிக்கிட்டே தலையையும் தோளையும் தூக்குங்க. தோள்பட்டை தரையை விட்டா போதும். உட்கார வேண்டாம். மெதுவா இறங்குங்க.”

அவள் ஒவ்வொரு முறை எழும்போதும் வாத்தியார் துண்டை இழுத்துப் பார்த்தார். ஆறு முறை துண்டு அசையவில்லை. ஏழாவது முறை உண்ணாமலை நன்றாகவே எழுந்தாள். முன்னைவிட உயரமாகக்கூட எழுந்தாள். துண்டு நழுவி வாத்தியார் கையோடு வந்துவிட்டது.

“போதும்” என்றார் வாத்தியார். “ஆறு.”

“ஏழு செஞ்சேனே.”

“ஏழாவதை யார் செஞ்சது?”

“நான்தான்.”

வாத்தியார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பாயின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

“எங்க தெருவுல சின்னப்பொண்ணுன்னு ஒருத்தி இருந்தா. யார் கூப்பிட்டாலும் போவா. கல்யாண வீட்ல தண்ணி தூக்கறவன் வரலியா, அவ தூக்குவா. பந்தி எடுக்கறவன் பாதியில போய்ட்டானா, அவ எடுப்பா. முடியாதுன்னு அவ வாயில வந்ததே இல்லை. ஒருநாள் படுத்துட்டா. ஊரே கூடி அவளைக் கேட்டுச்சு, நல்லாத்தானே இருந்தே, உனக்கு என்ன வந்துச்சுன்னு. தைலம் தேய்ச்சாங்க. மந்திரிச்சாங்க. அவளைத் திட்டவும் செஞ்சாங்க.”

“அப்புறம்?”

“வேலைக்கு வராதவனை யாரும் கேக்கல.”

உண்ணாமலை தன் வயிற்றின்மேல் கையை வைத்துப் பார்த்தாள்.

தினமும் ஆறுதான் என்று சொல்லி வாத்தியார் அனுப்பினார். துண்டு நழுவினால் அதோடு எழுந்துவிட வேண்டும். ஒன்பது நாள் கழித்து வந்து காட்ட வேண்டும்.

வீட்டில் துண்டை இழுக்கும் வேலை அவள் புருஷன் சோமுவுக்கு வந்தது. அவன் மாவு மில் வைத்திருந்தான். காலையில் மில்லுக்குப் போகுமுன் பெண்டாட்டி பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து, தேர்வடம் பிடிப்பவன்போலப் பயபக்தியோடு இழுப்பான். துண்டு வராவிட்டால் அவனுக்கே பெருமை. கல்லுக்கு அடியில் மாட்டிக்கொண்டதுபோல இருக்கிறது என்று மில்லில் வருகிறவர்களிடமெல்லாம் சொன்னான்.

ஆனால் உண்ணாமலைக்கு ஆறு போதவில்லை. நூற்றெட்டு என்று சாமியிடம் மனசுக்குள் சொல்லியாகிவிட்டது. ஆறு செய்துவிட்டு நூற்றிரண்டு பாக்கி என்றால் அது என்ன வேண்டுதல்? சோமு மில்லுக்குப் போனதும் கதவைச் சாத்தினாள். பீரோவுக்கு அடியில் காலை மாட்டினாள். மூச்சை அடக்கிக்கொண்டு மிச்ச நூற்றிரண்டையும் செய்தாள். எட்டு நாள் இப்படிச் செய்தாள்.

ஒன்பதாவது நாள், எழுபதைத் தாண்டியபோது, இடுப்பில் ஏதோ பூட்டிக்கொண்டது. எழவும் முடியவில்லை, புரளவும் முடியவில்லை. நான்கு அடி தள்ளிப் பாயில் குழந்தை விழித்துக்கொண்டு அழ ஆரம்பித்தது. உண்ணாமலை கையை நீட்டினாள். கை போதவில்லை. குழந்தை அழுதது. அவளும் அழுதாள். பின்கட்டிலிருந்து மரகதம் ஓடிவந்து குழந்தையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

மரகதம் திட்டவில்லை. அவள் முகமும் வெளுத்துத்தான் இருந்தது. உண்ணாமலையை மெல்லப் புரட்டிப் படுக்கவைத்து, தலைக்குத் தலையணை கொடுத்தாள்.

“விட்டுடு, உண்ணாமல. தொட்டிலை நான் தூக்கிக்கறேன். பெத்தவ நீதான்னு சாமிக்குத் தெரியாதா?”

அந்த அன்புதான் உண்ணாமலைக்குத் தாங்கவில்லை.

மூன்று நாள் கழித்து நடக்க முடிந்தது. கூடத்துக்கு வந்தாள். நூற்றிரண்டையும் பற்றிச் சொன்னாள். திட்டு வரும் என்று குனிந்து நின்றாள்.

வாத்தியார் கேட்டது வேறு. கால் மரத்துப்போகிறதா, கூசுகிறதா, வலி தொடைக்குக் கீழே இறங்குகிறதா என்று கேட்டார். இல்லை என்றாள். இறங்கினால் இங்கே வராமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றார்.

“இன்னிக்கு எத்தனை செய்யட்டும்?”

“ஒண்ணும் வேண்டாம்.”

“நாளைக்கு?”

“நாளைக்கும் வேண்டாம். அஞ்சு நாளைக்கு முழங்காலை மடக்கிப் படுத்து ஊதுங்க. நடக்கலாம். வேற ஒண்ணும் இல்லை.”

“பதினாலு நாள்தான் இருக்கு, வாத்தியாரே.” அவள் குரல் உயர்ந்தது. “ஊதிக்கிட்டே படுத்துக் கிடந்தா யார் தூக்கறது?”

“தினம் ஆறு தடவை வயித்துக்குச் சொல்லிக் குடுத்தீங்க. நூத்திரெண்டு தடவை முதுகுக்குச் சொல்லிக் குடுத்தீங்க. அது நல்ல மாணவன். கத்துக்கிடுச்சு. மறக்க அஞ்சு நாளாவது ஆகும்.”

உண்ணாமலைக்குக் கோபம் வந்தது. தன்னைவிடப் பதிமூன்று வயது சின்னவள், பிள்ளை பெறாதவள், இவளுக்கு என்ன தெரியும் என்று நினைத்தாள். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் நினைத்தாள். வீட்டுக்குப் போய் முழங்காலை மடக்கிப் படுத்து ஊதினாள்.

ஆறாவது நாள் வாத்தியார் துண்டைச் செருகினார். எழச் சொல்லவில்லை. இடுப்பைத் துண்டின்மேல் வைத்தபடியே ஒரு குதிகாலை மட்டும் தரையோடு தேய்த்து நீட்டி மடக்கச் சொன்னார். கால் நீளும்போது துண்டு நழுவப் பார்த்தது. எந்த இடத்தில் நழுவுகிறதோ அதற்கு ஒரு விரல்கடை முன்னால் நிறுத்தச் சொன்னார். அன்று முழுவதும் அந்த ஒரு விரல்கடையைத் தேடுவதே வேலையாக இருந்தது.

எட்டாவது நாள் கரும்புக்குப் பதிலாக ஒரு மூங்கிலைக் கொண்டுவந்தார். நடுவில் குழந்தை எடைக்கு ஒரு மணல் மூட்டையைக் கட்டினார். முதலில் தூக்கவே கற்றுக்கொடுத்தார். மூட்டைக்கு அருகில் போக வேண்டும். முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கி இறங்க வேண்டும். ஊதிக்கொண்டே எழ வேண்டும். பிறகு முன்முனையை உண்ணாமலை தோளில் வைத்து, பின்முனையைத் தன் தோளில் வைத்துக்கொண்டார்.

“கூடத்தைச் சுத்துவோம். வயிறு விட்டுப்போச்சுன்னு தெரிஞ்சா ‘நில்லுங்க’ன்னு சொல்லுங்க. நிப்போம். ஊதுவோம். வயிறு வந்ததும் போவோம்.”

மூன்று சுற்று சுற்றினார்கள். நான்காவது சுற்றில் உண்ணாமலையின் இடுப்பு பின்பக்கம் குழிந்தது. விலா எலும்பு முன்னால் வந்தது. அவள் நடந்துகொண்டே இருந்தாள். பின்னாலிருந்து வாத்தியார்தான் நிறுத்தினார்.

“நீங்க சொல்லலை.”

“இன்னும் கொஞ்சம் முடியும்போல இருந்தது.”

“சின்னப்பொண்ணுக்கும் அப்படித்தான் இருந்தது.”

மறுநாளும் அவள் சொல்லவில்லை. அதற்கு மறுநாளும் சொல்லவில்லை. ஆறு சுற்று, ஏழு சுற்று என்று பல்லைக் கடித்துக்கொண்டு போனாள். ஒவ்வொரு நாளும் வாத்தியாரே நிறுத்த வேண்டியிருந்தது. ஒரு நாள் வாத்தியார் மூங்கிலை இறக்கிவைத்துவிட்டு, தொட்டிலை மரகதமே தூக்கட்டும் என்றார். சத்தம் போடாமல் சொன்னார். சொல்லிவிட்டுக் கர்லாக்கட்டைகளுக்கு எண்ணெய் தடவப் போய்விட்டார்.

உண்ணாமலை அங்கேயே நின்றாள்.

“நான் பலமில்லாதவள்னு சொல்றீங்களா?”

“இல்லை. உங்க பலம் எனக்குப் பயமா இருக்கு.”

“ஏன்?”

“குழந்தையை அன்னிக்குக் கை விட்டுச்சே, அதுக்கு ஒரு நிமிஷம் முன்னாடி உங்க இடுப்பு என்ன சொல்லுச்சு?”

உண்ணாமலை யோசித்தாள். அன்று காலையிலிருந்தே இடுப்பு சொல்லிக்கொண்டுதான் இருந்தது. துணி துவைக்கும்போது சொன்னது. மாவு மூட்டையை நகர்த்தும்போது சொன்னது. தண்ணீர் வாளியைத் தூக்கும்போதும் சொன்னது. அவள் ஒவ்வொரு தடவையும் ‘இதோ, இது ஒண்ணுதான்’ என்று அதற்குப் பதில் சொல்லியிருந்தாள்.

“எனக்குக் காது கேக்கல” என்றாள்.

வாத்தியார் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு வந்து மூங்கிலின் பின்முனையைத் தூக்கினார்.

அன்று ஐந்தாவது சுற்றில், சுவர் ஓரம் திரும்பும்போது, முன்னாலிருந்து ஒரு குரல் வந்தது. மெல்லிய குரல்தான்.

“நில்லுங்க.”

நின்றார்கள். ஊதினார்கள். நடந்தார்கள். அன்று பன்னிரண்டு சுற்று போனார்கள். அதற்கு முன் அவள் அவ்வளவு தூரம் போனதில்லை.

திருவிழா நாளில் வாத்தியார் வீதிக்கு வரவில்லை. வந்தால் அவள் தன் முகத்தையே பார்ப்பாள் என்று சொல்லிவிட்டார்.

முன்முனையில் உண்ணாமலை, பின்முனையில் சோமு. கூட வந்த மரகதம், எந்த நேரமும் தாங்கிக்கொள்ளும்படி ஒரு கையை மஞ்சள் துணிக்கு அடியில் நீட்டிக்கொண்டே நடந்தாள். கரும்பு, மணல் மூட்டையைவிடக் கனத்தது. தோகை முகத்தில் அடித்தது. மேளச் சத்தமும் நெரிசலுமாக வீதி நிறைந்திருந்தது.

முதல் வீதி முடியுமுன்பே உண்ணாமலை ‘நில்லுங்க’ என்றாள். சோமு நின்றான். பின்னால் வந்த தொட்டில் இடித்துக்கொண்டது. பாதத்தை அகட்டி, முழங்காலைத் தளர்த்தி, அவள் நீளமாக ஊதினாள். வயிறு வந்தது. நடந்தாள்.

தெற்கு வீதியில் மூன்று தடவை நின்றாள். பின்னாலிருந்து ஒருவர், இது என்ன டவுன் பஸ்ஸா, நிறுத்தத்துக்கு நிறுத்தம் நிற்குது என்றார். சிலர் சிரித்தார்கள். மேற்கு வீதி நீளம். அங்கே நான்கு தடவை. ஒரு தடவை நின்றபோது மரகதம் காதருகில் வந்து, ஊரே பார்க்கிறது, கொடுத்துவிடு என்று கெஞ்சினாள். உண்ணாமலை பதில் சொல்லவில்லை. ஊதிக்கொண்டிருக்கும்போது பேச முடியாது. வடக்கு வீதியில் இன்னும் மூன்று தடவை நின்றாள்.

கீழே போட்டுவிடுவேனோ என்ற அந்தப் பயம் அன்றைக்கும் வந்தது. வந்ததும் அவள் நின்றாள். நின்றதும் அது போனது.

கோபுர வாசலில் தொட்டிலை இறக்கியபோது அவளுக்கு முதுகு இருப்பதே நினைவில்லை. தோள்தான் கன்றிச் சிவந்திருந்தது. குழந்தையைத் துணியிலிருந்து அவளே எடுத்தாள். மரகதம் தடுக்கவில்லை.

மறுநாள் மத்தியானம் உண்ணாமலை கூடத்துக்கு வந்தாள். இடுப்பில் குழந்தை. யார் துணையும் இல்லாமல், குழந்தையைத் தானே தூக்கிக்கொண்டு, அரை மைல் நடந்து வந்திருந்தாள். வழியில் நான்கு இடத்தில் உட்கார்ந்தாளாம். குழந்தை தூக்கக் கலக்கத்தில் சிணுங்கியது.

வாத்தியார் ஒரு பழைய சேலையை எடுத்துவந்து கூடத்து உத்தரத்தில் தூளி கட்டினார். குழந்தையைப் போட்டு ஆட்டினார். இரண்டு பேரும் தூளிக்கு ஆளுக்கொரு பக்கமாகத் தரையில் உட்கார்ந்தார்கள்.

உண்ணாமலை சுகமாக இல்லை என்று முகத்தில் தெரிந்தது.

“முதுகா?” என்றார் வாத்தியார்.

“முதுகு நல்லா இருக்கு.”

“அப்புறம்?”

“மரகதம் அண்ணி ஒரு வார்த்தை சொல்லிட்டாங்க. கெட்ட மனசோட சொல்லல. பதினோரு தடவை நின்னியே, அது சுத்தினதா ஆகுமான்னாங்க. நிக்காம சுத்தறதுதானே வழக்கம்னாங்க. ராத்திரி பூரா அதையே நினைச்சிட்டிருந்தேன்.” அவள் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். “சாமி ஏத்துக்கிட்டிருக்குமா, வாத்தியாரே?”

வாத்தியார் தூளியை விட்டுக் கையை எடுத்தார். அது தானாக ஆடியது. இந்த ஓரம் வந்தது. அந்த ஓரம் போனது.

“நேத்து பாப்பா எப்ப முழிச்சா?”

“வீட்டுக்கு வந்துதான். சுத்தினது முழுக்கத் தூங்கிட்டிருந்தா.”

“பாருங்க” என்றார் வாத்தியார்.

உண்ணாமலை தலையை நிமிர்த்தித் தூளியைப் பார்த்தாள். தன் பக்கம் வந்த தூளி, திரும்புமுன், ஒரு கண்ணிமைப்பு அசையாமல் இருந்தது. அந்தப் பக்கம் போய் அங்கேயும் அப்படி இருந்தது. உள்ளே குழந்தை தூங்கிப் போயிருந்தது.

“ஒரு வீச்சுக்குத் தொட்டில் ரெண்டு தடவை நிக்குது, அக்கா. எந்தக் குழந்தையும் எண்ணினதில்லை.”